விளக்கேற்றிய கையும் பிரம்பெடுத்த கையும்

பக்தி மிகுந்த ஒரு குடும்பத்தில் பிறந்து, அக்குடும்பத்தின் பூஜையும் விரதமுமோ, ஜெபமும் உபவாசமுமோ, தொழுகையும் நோன்புமோ தம் இளமைக்குக் கடிகாரமாய் இருக்க வளர்ந்து, அதே வீட்டுச் சுவர்களுக்குள் வெளியே சொல்ல இயலாத காயங்களையும் பெற்று, பல ஆண்டுகள் கழித்து அவற்றை எழுத்தில் வைத்துவிட வேண்டுமென்று உட்காருகிறவர்களுக்கு முதலில் நேரும் சங்கடம், எதை எதிலிருந்து பிரித்துச் சொல்வது என்பதேயாகும். அதிகாலையில் விளக்கேற்றிய கைதான் அந்தியில் பிரம்பையும் எடுத்தது. ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று மிரட்டிய வாய்தான், காய்ச்சல் கண்ட இரவில் தலைமாட்டில் உட்கார்ந்து விடியுமட்டும் பாராயணம் செய்துகொண்டிருந்தது. இவ்விரண்டையும் வெவ்வேறு பெட்டிகளில் போட்டு எழுத முற்பட்டவர்களின் முதற்பிரதிகள் பலவற்றைப் படிக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது. அவற்றில் ஒரு பாதி கற்பூர வாசனையும் மார்கழிக் குளிரும் கமழும் ஸ்தல புராணமாக இருக்கும். மறு பாதி வக்கீல் குமாஸ்தா எழுதிக் கொடுத்த பிராதாக இருக்கும். இரண்டு பாதியிலும் தேடிப் பார்த்தால் அந்தக் குடும்பம் மட்டும் அகப்படாது.

ஆகையால் இவ்வத்தியாயத்தில் நான் வற்புறுத்த எண்ணுவது ஒன்றே. அந்த நம்பிக்கையை, அதை அன்று முழுமனத்தோடு நம்பிய குழந்தையின் உள்ளத்திலிருந்து முதலில் எழுதுங்கள். காயம் அதற்குள்ளிருந்தே புலப்படட்டும். பெற்றோரை மன்னியுங்கள் என்று போதிக்கும் அதிகாரம் எனக்கில்லை. அது உங்கள் சொந்த விவகாரம். நான் சொல்வது எழுத்துத் தொழிலைப் பற்றியது. ஒரு குழந்தை எவ்வளவு பயந்தது என்பதை வாசகர் அறிய வேண்டுமானால், அந்தப் பயத்துக்குக் காரணமான தெய்வம் அவ்வீட்டில் எத்தனை நிச்சயமாய், அடுத்த அறையில் இருமிக்கொண்டிருக்கும் தாத்தாவைப் போல அத்தனை நிச்சயமாய் வாசம் செய்தது என்பதை அவர் முன்பே அறிந்திருக்க வேண்டும். தெய்வத்தைப் பரிகாசப் பொருளாக்கிய பிறகு பயத்தை எழுதினால், அந்தப் பயத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

இதற்குக் குறுக்கே நிற்பது நாம் அறியாமலே கைக்கு வந்து சேரும் ஓர் அச்சு. பக்திச் சமூகங்கள் யாவும் தம் மக்களுக்கு வாழ்க்கைக் கதை சொல்லும் முறை ஒன்றைப் பழக்கிவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்லுகிறவர், தாம் பாவத்தில் உழன்றதையும், ஒரு நாள் அழைக்கப்பட்டதையும், இப்பொழுது சமாதானமாயிருப்பதையும் அந்த வரிசை பிறழாமல் சொல்லுவார். பெரிய புராணத்தில் வரும் அப்பர் சுவாமிகளின் சரிதத்திலும், சமண வாசமும், தமக்கை திலகவதியாரின் வேண்டுதலும், சூலை நோயும், ஈசன் ஆட்கொண்டதுமாக அதே படிகள் தாம் அமைந்திருக்கின்றன. விசித்திரம் என்னவென்றால், மதத்தை விட்டு விலகி வந்து அதைக் கண்டித்து எழுதுகிறவரும் பெரும்பாலும் இந்த அச்சிலேயே தம் கதையையும் வார்த்து விடுகிறார்: முன்பு நம்பிக்கை என்னும் இருளில் இருந்தேன், ஒரு நாள் அறிவு என்னை அழைத்தது, இப்பொழுது சுதந்திரமாயிருக்கிறேன். அச்சைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் அச்சு அச்சுத்தானே! அதில் வார்த்த கதையில் வாழ்க்கையின் முதல் முப்பது ஆண்டுகளும், கடைசியில் வரப்போகும் விடுதலைக்கு வெறும் முன்னுரையாகச் சுருங்கிப் போகின்றன. அம்மாவின் கோலமும், அத்தையின் சமையலும், ஏகாதசியன்று பசியில் மயங்கி விழுந்ததும் எல்லாம் ஒரே தீர்ப்புக்குரிய சாட்சியங்களாகிவிடுகின்றன.

மேலை நாட்டில் இவ்வச்சைச் செய்து வைத்தவர் அகுஸ்தீனார் என்று சொல்லலாம். நாலாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் லத்தீனில் எழுதிய ஆத்ம சரிதத்தை இக்காரணத்துக்காகவே ஒரு முறை படிப்பது நல்லது. ஆனால் படிக்கும்போது அச்சைப் பார்க்காமல், அதற்குள் அடங்காமல் பிதுங்கி நிற்கும் விவரங்களைப் பாருங்கள். வட ஆப்பிரிக்காவில் பள்ளிச் சிறுவனாயிருந்தபோது, வாத்தியாரிடம் அடிபடாமல் காக்கும்படி கடவுளை உருக்கமாக வேண்டிக்கொண்டதாகவும், பெற்றோர் உட்பட பெரியவர்கள் அவனுடைய தழும்புகளைக் கண்டு சிரித்ததாகவும் எழுதுகிறார். தம் தாய் மோனிக்காவைப் புகழ்ந்து கூறும் பகுதியிலோ, ஊர்ப்பெண்கள் கணவர் அடித்த அடையாளங்களை முகத்தில் தாங்கி வந்ததையும், தம் தந்தை பெருங்கோபியாயிருந்தும் தாய் மட்டும் அடிபடாமல் தப்பியதையும், திருமண ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட நாளிலிருந்து மனைவியர் அடிமைகளே என்று தாய் மற்றவர்களுக்குப் புத்தி சொன்னதையும் தாயின் குண விசேஷமாகவே எடுத்துரைக்கிறார். அவருடைய அபிப்பிராயத்தை இன்று நாம் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. எனினும் அவர் விவரத்தை மறைக்காமல் வைத்தமையால், 1,600 ஆண்டுகள் கழித்து நாம் அந்தப் பெண்களின் முகங்களைக் காண முடிகிறது. அதே நூலில், பல ஆண்டுகள் அவரோடு வாழ்ந்து அவருக்கு ஒரு மகனையும் பெற்றுக் கொடுத்து, வேறிடத்தில் திருமணம் நிச்சயமானபோது திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. உங்கள் முதற்பிரதியை முடித்ததும் ஒரு காகிதத்தில், அந்த வீட்டில் உங்களோடு வாழ்ந்தும் உங்கள் எழுத்தில் பெயரோ முகமோ பெறாமல் போனவர்களின் பட்டியலை எழுதிப் பாருங்கள். நைவேத்தியம் முழுவதையும் சமைத்துவிட்டுப் பூஜை நேரத்தில் கூடத்துக்கு வராமல் இருந்த விதவை அத்தை, பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருப்பாள்.

இத்துறையில் ஒரே ஒரு நூலைத்தான் படிக்க அவகாசமுண்டு என்று கேட்கிறவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது, எட்மண்ட் காஸ் எழுதி 1907-இல் லண்டனில் ஆசிரியர் பெயரின்றி வெளியான ‘தந்தையும் மகனும்’ என்ற நூலாகும். தந்தை பிலிப் ஹென்றி காஸ், கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்து பெயர்பெற்றவர். கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பி உயிர்களை வளர்க்கும் பழக்கத்தை ஆங்கிலேயர் வீடுகளுக்குக் கொண்டுவந்தவர். பிளிமத் சகோதரர்கள் என்னும் மிகக் கண்டிப்பான கிறிஸ்தவச் சபையில் உறுதியோடு ஊன்றியவர். தாய் எமிலி மதப் பிரசுரங்கள் எழுதியவர். சிறுமியாயிருக்கையில் கதை புனைவதில் அபாரமான ஆற்றலுடையவராயிருந்து, அது பாவமென்று கண்டிக்கப்பட்டு, அதை நம்பி, பிறகு வாழ்நாள் முழுதும் கற்பனைக் கதையைச் சொல்லாமலும் படிக்காமலும் இருந்தவர். அதனால் அவ்வீட்டுக் குழந்தைக்கு ராஜகுமாரன் கதையோ பூதத்தின் கதையோ கிடைக்கவில்லை. 1857-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மகனுக்கு ஏழு வயதாயிருக்கும்போது, தாய் மார்புப் புற்றுநோயால் இறந்தார். இறக்குமுன் அவர் மகனைக் கடவுளுக்கென்று ஒப்படைத்துப் போனது, தந்தைக்கு மீற முடியாத கட்டளையாயிற்று. மகனுக்கோ அது தோளிலிருந்து இறக்க முடியாத சுமையாயிற்று.

அதே ஆண்டில் தந்தை ‘ஓம்ஃபலோஸ்’ என்ற நூலை வெளியிட்டார். பிறவாமல் படைக்கப்பட்ட ஆதாமுக்கும் தொப்புள் இருந்தது போல, உலகமும் ஒரு நொடியில் படைக்கப்பட்டபோதே பழமையின் அடையாளங்களோடும் பாறைக்குள் புதைந்த எலும்புகளோடும் படைக்கப்பட்டது என்பது அவருடைய வாதம். விஞ்ஞானத்தையும் வேதத்தையும் ஒரே வாக்கியத்தில் சமாதானம் செய்துவிட்டதாக அவர் நம்பினார்; இரு தரப்பாரும் அதை நிராகரித்துவிட்டனர். மனைவியை இழந்து, பெயரையும் இழந்து, தாயில்லாப் பிள்ளையை அழைத்துக்கொண்டு டெவன் மாகாணத்துக் கடற்கரைக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்த மனிதர் அவர். மகன் இந்தத் துயரத்தை மறைக்கவில்லை. தம்மை நசுக்கிய கண்டிப்பின் வேர் எங்கே இருந்தது என்பதை நாம் அறியும்படி வைத்து விடுகிறார்.

இனி நாம் தொழில்முறையில் கவனிக்க வேண்டிய காட்சிகளுக்கு வருவோம். கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் விக்கிரக ஆராதனைக்கு ஒப்பானது என்று தந்தை கருதியமையால் அவ்வீட்டில் அன்று விசேஷச் சாப்பாடு கிடையாது. வேலைக்காரப் பெண்கள் தங்களுக்கென்று இரகசியமாகச் செய்த இனிப்புப் பலகாரத்தில் ஒரு துண்டைப் பையன்மேல் இரக்கப்பட்டுக் கொடுக்கிறார்கள். அவனுக்கு வயிற்று வலி வருகிறது. விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்றுவிட்டேனே என்று அலறிக்கொண்டு தந்தையிடம் ஓடுகிறான். தந்தை மிச்சமிருந்ததைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பையில் எறிகிறார். இன்னொரு நாள், விக்கிரகத்தை வணங்கினால் கடவுள் கோபிப்பார் என்பது மெய்தானா என்று சோதிக்க, பையன் ஒரு நாற்காலியைத் தூக்கி வைத்து அதன் முன் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்துவிட்டு, இடி விழுமென்று காத்திருக்கிறான், ஒன்றும் நடக்கவில்லை. இவற்றை வாசிக்கிறவர் சிரிக்கிறார். சிரித்த வாயை மூடுமுன் மனம் கனத்துப்போகிறது. காரணம், ஆசிரியர் அந்தப் பையனைச் சிரிக்கவிடவில்லை. பலகாரம் தின்றவனுக்கு நரகம் மெய். நாற்காலி முன் மண்டியிட்டவனுக்கு இடி மெய். ஐம்பத்தெட்டு வயதுக்காரரான ஆசிரியருக்குத் தெரிந்ததைப் பையனின் வாயில் போடாமல், பையனுக்குத் தெரிந்ததை ஆசிரியரின் தீர்ப்பால் மூடாமல், இரண்டு குரலும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து செல்லுகின்றன. நீங்கள் திருத்தி எழுதும்போது, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் இதை அறிந்தவர் அன்றைய குழந்தையா இன்றைய நானா என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வாக்கியத்தில் கலந்திருக்குமானால் அதை உடைத்து இரண்டாக்குங்கள்.

இன்னும் ஒரு காட்சி. இதை நான் எல்லாவற்றிலும் உயர்ந்ததாக மதிக்கிறேன். தோட்டத்தில் வேலை செய்யவந்த குழாய்க்காரர்கள் விட்டுச் சென்ற கருவியால் சிறுவன் ஈயக் குழாயில் துளை போட்டுவிடுகிறான். தந்தை, அது அந்த வேலைக்காரர்கள் செய்த பிசகு என்று நம்பிவிடுகிறார். தந்தைக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு, அதைத் தெரிந்தவன் தன்னுள்ளேயே ஒருவன் இருக்கிறான் என்ற ஞானம் அந்த நொடியில் பிள்ளைக்கு உதயமாகிறது. மதச்சூழலில் நடந்த குடும்பக் கதைகளில் பெரிய அடிகளையும் பெரிய சாபங்களையும் தேடி அலைகிறவர்கள், இத்தகைய ஒரு சிறு குழாய் தம் வீட்டிலும் இருந்ததா என்று தேடுவது நலம். அடி வாங்கிய நாட்கள் ஒன்றோடொன்று கலந்துபோய்விடும்; நம்பிக்கையில் முதல் கீறல் விழுந்த நாள் தனியே நிற்கும்.

காஸின் நூல் பிறந்த விதமும் படிப்பினை உடையது. தாயின் இறுதி நாட்களைப் பற்றித் தந்தை 1857-இலேயே பக்தியுரையாக ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டிருந்தார். தந்தை 1888-இல் காலமானார். 1890-இல் மகன், தந்தையின் ஆராய்ச்சிகளையும் நூல்களையும் முறைப்படி விவரிக்கும் மரியாதையான வாழ்க்கை வரலாறு ஒன்றை எழுதினார். அதற்கும் 17 ஆண்டுகளுக்குப் பின்னரே ‘தந்தையும் மகனும்’ வந்தது. மரியாதையான நூலை முதலில் எழுதி முடித்தவருக்கே மற்ற நூலை எழுதும் தகுதி வந்தது என்பது என் துணிபு. உங்களுக்கு அத்தனை ஆண்டுகள் இல்லாவிட்டாலும், உங்களைக் காயப்படுத்தியவரைப் பற்றி, அவருடைய சபையோ சங்கமோ மடமோ நினைவு மலரில் அச்சிடத் தயங்காத முறையில், அவர் செய்த நற்காரியங்களும் அவர் பட்ட கஷ்டங்களும் அடங்கப் பத்துப் பக்கம் எழுதுங்கள். அதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. அந்தப் பத்துப் பக்கத்தில் எழுதவே வராமல் கை நின்ற இடங்களில்தான் உங்கள் நூல் தொடங்குகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. காஸ் தம் முன்னுரையில், இந்நூல் அணு அணுவாக உண்மை என்று உறுதி கூறினார். பின்னாளில், 2002-இல், ஆன் த்வெயிட் என்பவர் தந்தையின் சரிதத்தை ஆராய்ந்து எழுதியபோது, மகன் தீட்டிய சித்திரத்தைவிட அந்தத் தந்தை இளகிய சுபாவமும் மகிழ்ச்சியும் உடையவராயிருந்தது தெரியவந்தது. அதனால் மகனின் துயரம் பொய்யாகிவிடவில்லை. முன்னுரையின் உறுதிமொழிதான் பழுதாயிற்று. அப்படிப்பட்ட வாக்குறுதி எதையும் நீங்கள் தர வேண்டாம். சரிபார்க்கக் கூடியவற்றை மட்டும் சரிபார்த்துக் கொள்ளுங்கள். பக்திக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு, வீட்டில் நடந்தவை யாவும் ஏதாவதொரு பண்டிகையை ஒட்டியே நடந்திருக்கும். பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டினால், நீங்கள் வீட்டைவிட்டு ஓடிய அந்த வைகுண்ட ஏகாதசி எந்தத் தேதியில், எந்தக் கிழமையில் வந்தது என்பது விளங்கும். பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடும் விவாகப் பதிவேடும், பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேடும், கும்பாபிஷேகப் பத்திரிகைகளும், பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழும் உங்கள் ஞாபகத்தோடு வாதாடும், வாதாட விடுங்கள். ஞாபகமும் பதிவும் முரண்படுகிற இடத்தில், முரண்பாட்டையே எழுதிவிடுவது உத்தமம்.

வேலையைத் தொடங்கும் வழி எளிது. பத்து வயதில் ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொண்டு, எழுந்தது முதல் உறங்கியது வரை அவ்வீட்டின் ஆசார நியமங்களை மணிக்கணக்கில் எழுதுங்கள்: யார் முதலில் குளித்தார்கள், யார் யாரைத் தொடக் கூடாது, எந்தப் பாத்திரம் எங்கே கவிழ்த்து வைக்கப்பட்டது, இரவு ஜெபத்தில் தூங்கி விழுந்த பிள்ளைக்கு என்ன நேர்ந்தது. பிறகு அவ்வீட்டுப் பேச்சைச் சேகரியுங்கள். ‘தெய்வக் குத்தம் ஆயிடும்’, ‘பெத்தவ வயிறு எரிஞ்சா வெளங்க மாட்டே’, ‘கர்த்தர் பாத்துக்கிட்டு இருக்கார்’, ‘மையத்தானா சொர்க்கத்துக்குப் போவியா’ என்று அந்தந்த வீட்டில் அந்தந்த வாய் சொன்ன வாக்கியங்களை, உச்சரிப்பு மாறாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மிரட்டலும் கொஞ்சலும் ஒரே சொற்களில் நடந்திருப்பதை நீங்களே கண்டு வியப்பீர்கள். இந்த நோட்டுப் புத்தகம் கைவசம் இருக்கிறவருக்கு, மன உளைச்சல், அடக்குமுறை முதலிய பொதுச் சொற்களின் உதவி அதிகம் தேவைப்படாது.

பேச்சு மொழியின் வலிமைக்கு நம் மொழியிலேயே சான்று இருக்கிறது. பாமா என்ற புனைபெயரில், கன்னியர் மடத்தில் சேர்ந்து பின் அதைவிட்டு வெளியேறிய ஒருவர் 1992-இல் வெளியிட்ட ‘கருக்கு’, தலித் கிறிஸ்தவக் கிராமத்தின் பேச்சிலேயே, வருஷ வரிசையைப் பொருட்படுத்தாமல், ஊர், வேலை, விளையாட்டு, கோயில், படிப்பு, மடம் என்று விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வந்து சொல்லுகிறது. பூசை, புதுநன்மை, பாவசங்கீர்த்தனம், கன்னியர் பிரம்பு எல்லாம் அந்தப் பேச்சுக்குள் வரும்போது, பக்தியும் சாதியும் ஒரே கோயில் வாசலில் எப்படி நின்றன என்பதற்கு விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து தொடங்கி வரிசையாக எழுத வராமல் திகைக்கிறவர்கள் இந்நூலின் அமைப்பைக் கூர்ந்து பார்க்கட்டும்.

துயரக் கதையில் நகைச்சுவைக்கு இடமில்லை என்று எண்ணுகிறவர்கள் மராத்தியில் லட்சுமிபாய் திலகர் எழுதிய ‘ஸ்மிருதி சித்ரே’யைத் தேடிப் பிடிக்க வேண்டும். 1934 முதல் 1937 வரை பகுதி பகுதியாக வெளிவந்த நூல் அது. அளவு கடந்த மடி ஆசாரத்தால் வீட்டாரை வதைத்த தந்தைக்கு மகளாய்ப் பிறந்து, கவிஞர் நாராயண வாமன் திலகருக்கு மனைவியானவர் லட்சுமிபாய். 1895-இல் கணவர் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானபோது, ஆசாரமான பிராமணக் குடும்பத்துப் பெண்ணான அவர் உயிரோடிருக்கும் கணவரை இழந்தவராகி, குழந்தையோடு உறவினர் நிழலில் சில ஆண்டுகள் கழித்து, பிறகு கணவரிடம் திரும்பி, 1900-இல் தாமும் அம்மதத்தைத் தழுவினார். இத்தனையையும் அவர் தம்மையும் கணவரையும் கேலி செய்துகொண்டே சொல்லுகிறார். அந்தக் கேலி துன்பத்தைக் குறைத்துக் காட்டவில்லை. துன்பத்தின் நடுவிலும் அந்தப் பெண் யாருடைய அடிமையும் ஆகவில்லை என்பதைக் காட்டுகிறது. வங்காளத்து ராஸசுந்தரி தேவியையும் இங்கே குறிப்பிடலாம். பெண் எழுத்துப் படித்தால் குற்றம் என்ற வீட்டில், சைதன்ய பாகவதத்தை எப்படியாவது படிக்க வேண்டுமென்ற பக்தி வேட்கையால் அதன் ஓர் ஏட்டைக் கழற்றி அடுக்களையில் ஒளித்து வைத்து எழுத்துக் கூட்டிக் கற்றவர். 1876-இல் அவருடைய சுயசரிதை அச்சாயிற்று. கட்டிப்போட்டதும் பக்தி, கட்டை அவிழ்த்ததும் பக்தி என்னும்படியான வாழ்க்கைகள் உண்டு. உங்களுடையதும் அவ்வாறு இருக்குமானால், எதிர்ப்புக்காக அந்த இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.

எழுதும்போது உடம்பைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிஷம், தம் வாழ்வின் மிகப் பெரிய துன்பத்தைப் பற்றி எழுதச் செய்தார். நடந்ததையும், அப்போது மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் வைத்தியரைத் தேடிப் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த அந்த வேளையில் அவர்கள் முன்னிலும் அதிகமாக வாடியிருந்தார்கள். இரண்டையும் மனத்தில் வையுங்கள். கடுமையான பகுதியை எழுதப் போகும் நாளில் குறுகிய நேரத்தை வரையறுத்துக்கொண்டு, அது முடிந்ததும் எழுந்து நடந்து வாருங்கள். இரவில் தனியே உட்கார்ந்து எழுத வேண்டாம். தூக்கம் கெட்டு, பகலிலும் அந்த அறையே கண்ணுக்குள் நிற்குமானால், நோட்டை மூடிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். நூல் காத்திருக்கும், அதற்கு ஆத்திரமில்லை.

உயிரோடிருக்கும் உறவினரைப் பற்றிய கேள்வியைப் பலரும் எழுதி முடித்த பிறகே கேட்கிறார்கள்; எழுதத் தொடங்குமுன்னரே ஒரு முடிவுக்கு வருவது நல்லது. முதற்பிரதியை யாருக்கும் காட்டாதீர்கள், மிக அன்பானவருக்கும் காட்டாதீர்கள். அச்சுக்குப் போகுமுன் அதில் வரும் சகோதர சகோதரிகளுக்குத் தம் பகுதியைப் படிக்கக் கொடுங்கள், அவர்கள் வேறு விதமாக நினைவுகூர்ந்தால் அதையும் நூலில் ஒரு வரியாகச் சேருங்கள், அனுமதி கேட்காதீர்கள். ‘கருக்கு’ வெளிவந்த காலத்தில் ஊரார் மனம் நொந்து, சில மாதங்கள் தம் கிராமத்துக்கே போக முடியாதிருந்தது என்று பாமா சொல்லியிருக்கிறார். பிற்பாடு அந்த மக்களே நூலைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டார்கள். எல்லாக் குடும்பமும் அவ்வாறு திரும்பி வரும் என்று நான் உறுதி தர மாட்டேன்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சில சொற்கள். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 356-ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. உண்மை என்பது மட்டும் அதற்கு முழு விடையாகாது. பொது நன்மைக்காகச் சொல்லப்பட்டது என்பதும் வேண்டும். இறந்தவரைப் பற்றிய எழுத்தும், அவருடைய குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்குடையதாயின் அதற்குள் வரக்கூடும். மத உணர்ச்சியை வேண்டுமென்றே, துவேஷத்தோடு புண்படுத்துவதை 299-ஆம் பிரிவு தண்டிக்கிறது. பாலியல் கொடுமைக்கு ஆளான வேறொருவரின் அடையாளத்தை, அவர் உங்கள் சொந்தத் தங்கையேயானாலும், நீங்களாக வெளியிடக் கூடாது. குருக்களையோ போதகரையோ உஸ்தாதையோ பெயர் சுட்டிக் குற்றஞ்சாட்டும் பக்கங்களை, பதிப்பகத்தாரிடம் கொடுக்குமுன் ஒரு வழக்கறிஞரிடம் கொடுங்கள். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். ஊரையும், கோயிலையும், பதவியையும் அப்படியே வைத்துவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால் ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் கண்டுகொள்வார்கள்.

கடைசியாக, கைப்பிரதியைப் பாதுகாப்பது. லிசியே நகரத்துக் கார்மேல் மடத்திலிருந்த தெரேசா, நம் கத்தோலிக்கர் குழந்தை தெரேசம்மாள் என்று கொண்டாடுகிறவர், 1895-இல் தம் பால்ய நினைவுகளை எழுதத் தொடங்கியது, மடத்தின் தலைவியாயிருந்த சொந்தத் தமக்கையின் கட்டளைப்படியே ஆகும். நாலு வயதில் தாயை இழந்ததும், தந்தை புத்தி தடுமாறி ஆஸ்பத்திரியில் வைக்கப்பட்டதுமான குடும்பத் துயரங்கள் அவர் வாழ்வில் இருந்தன. 1897-இல் 24 வயதில் அவர் இறந்த பின், அடுத்த ஆண்டே தமக்கை அந்த நோட்டுப் புத்தகங்களை ஆயிரக்கணக்கான இடங்களில் திருத்தி ஒரு நூலாக்கி வெளியிட்டார். அன்போடுதான் திருத்தினார், உலகமெங்கும் அதைப் படித்துக் கண்ணீர் விட்டார்கள், எனினும் தெரேசா எழுதியபடியே உள்ள வாசகம் 1956-இல்தான் வெளிவந்தது. நோட்டுப் புத்தகங்கள் எரிக்கப்படாமல் இருந்தமையால் அது சாத்தியமாயிற்று. எனவே பதிப்பாசிரியரின் திருத்தத்துக்கும், வழக்கறிஞரின் வெட்டுக்கும், அண்ணாவின் வேண்டுகோளுக்கும் நீங்கள் இணங்க நேரிடலாம்; இணங்குமுன், எவர் கையும் படாத பிரதி ஒன்றைத் தேதியிட்டுக் கையெழுத்திட்டு, குடும்பத்தாரல்லாத ஒருவரிடம் ஒப்படையுங்கள். கணினியில் எழுதுகிறவர்கள் காகிதத்தில் அச்செடுத்துக் கொடுப்பது நல்லது. அந்த உறையின்மேல், அதை எப்போது, யார் பிரிக்கலாம் என்பதையும் தெளிவாக எழுதி வையுங்கள்.